மகள் என்னை 'நீங்க' என்று கூப்பிடுகிறாள்: வீட்டிலேயே பிசியோ செய்கிறவர்கள் வழி சொல்லுங்கள்

அல்சூர்_அம்மா
2020 மே 6, இரவு 11.40

இதுவரை இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி. இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு ஆறு வயது. வீட்டில் பாப்பு. 32 வாரத்தில் பிறந்தவள். செரிப்ரல் பால்சி (மூளை வாதம்), இரண்டு கால்களிலும் இறுக்கம். ரிப்போர்ட்டில் ஸ்பாஸ்டிக் டைப்லீஜியா என்று போட்டிருக்கிறார்கள். பேச்சு, படிப்பு எல்லாம் நன்றாக இருக்கிறது. வாக்கர் பிடித்து நடப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் கூட்டிப் போவோம். திருவள்ளுவர் சிலைக்கு முன்னால் வாக்கரை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் எடுத்துவிட்டு, "தாத்தா, பாரு" என்று ஒரு நொடி நிற்பாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் வாரம் முழுக்க ஓடுவோம்.

பிப்ரவரி இரண்டாவது வாரம் இரண்டு கெண்டைக்காலிலும் போடாக்ஸ் ஊசி போட்டோம். என் வளையலை அடகு வைத்துப் போட்ட ஊசி. டாக்டர் சொன்னது இதுதான்: மூன்று மாதம் போலத் தசை தளர்ந்திருக்கும், அதற்குள் எவ்வளவு நீட்டிப் பழக்க முடியுமோ பழக்கிவிடுங்கள். ஒரு மாதம் வாரத்துக்கு நான்கு நாள் சென்டருக்குப் போனோம். மார்ச் நடுவில் சென்டரை மூடினார்கள். 25-ம் தேதி கொரோனா ஊரடங்கில் ஊரே மூடிவிட்டது. 21 நாள் என்றார்கள், அப்புறம் மே 3 என்றார்கள், இப்போது 17 என்கிறார்கள். ஊசியின் கணக்கு மட்டும் யாருக்காகவும் தள்ளிப்போகாது.

அதனால் நானே செய்கிறேன். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, இரவு ஏழரைக்கு ஒரு தடவை. சென்டரில் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான்.

முன்பெல்லாம் எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் என் கஷ்டம் புரியும். பிசியோ அக்கா காலைப் பிடிப்பார். அவர் கன்னடக்காரர், கன்னடத்தில் எண்ணுவார். என் கணவர் பாப்புவின் தலைமாட்டில் உட்கார்ந்து யானைக் கதை சொல்வார். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். முடிந்ததும் உள்ளே போய்த் தூக்கிக்கொள்வது மட்டும்தான் என் வேலை. எவ்வளவு அழுதிருந்தாலும் என் தோளில் முகத்தைத் தேய்த்துவிட்டால் அடங்கிவிடுவாள்.

இப்போது வலிக்க வைக்கிற கையும் நான், தூக்குகிற கையும் நான். கணவர் மருந்து மொத்தக் கடையில் வேலை. ஊரடங்கிலும் தினம் போயாக வேண்டும். எட்டுக் கடைக்குப் பெட்டி இறக்கிவிட்டு வருகிறவர், பிள்ளையைத் தொடப் பயப்படுகிறார். ஏப்ரல் முதல் முன்னறையில்தான் படுக்கை, சாப்பாடு எல்லாம். அவளுக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா குரல் மட்டும் கேட்கும்.

இப்போதெல்லாம் பாய் விரிக்கிற சத்தம் கேட்டாலே பாப்பு தவழ்ந்து போய்ப் பாட்டியின் புடவைக்குள் காலை ஒளித்துக்கொள்கிறாள். என் மாமியார் என்னிடம் சண்டைக்கு வருகிறார். "ரெண்டு மாசம் இழுக்கலன்னா கால் எங்கயும் ஓடிப் போயிடாது. புள்ளய வதைக்காத" என்கிறார். அவரும் அவளை நினைத்துத்தான் சொல்கிறார். நான் பதில் பேசாமல் அவர் மடியிலிருந்து அவளை இழுத்துக்கொண்டு வருகிறேன். எழுதும்போதே கை கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. பயிற்சி முடிந்து, ஏ.எஃப்.ஓ (கணுக்காலையும் பாதத்தையும் நேராகப் பிடித்து வைக்கிற அச்சு) போட்டுவிட உட்கார்ந்தேன். அழுது அழுது கன்னத்தில் கண்ணீர் காய்ந்து வெள்ளைக் கோடாக இருந்தது. முதலில் தூக்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். பின்னால் நகர்ந்துகொண்டு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள்: "நீங்க போங்க. அம்மாவ வரச் சொல்லுங்க."

அவள் என்னை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். 'நீங்க' என்பது பிசியோ அக்காவுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த மரியாதை. அன்றிலிருந்து பாயில் உட்கார்ந்தால் நான் 'நீங்க'. இன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போதும், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றாள். நான் சமையலறைக்குப் போய் நின்றுவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது: இதை நிறுத்திவிடலாமா? இரண்டு மாதம் விட்டால் நிஜமாகவே கெட்டுப்போகுமா? நிறுத்தக் கூடாது என்றால், அம்மாவாகவும் இருந்துகொண்டு எப்படிச் செய்வது? இன்னொன்று, ஏ.எஃப்.ஓ சின்னதாகிவிட்டது. போன செப்டம்பரில் செய்தது. கட்டைவிரல் விளிம்பைத் தாண்டி நிற்கிறது, குதிகால் அடியில் உட்காரவில்லை, கழற்றினால் கணுக்கால் எலும்பின் மேல் சிவப்பாக ரூபாய் நாணயம் அளவுக்குத் தடம். பெங்களூர் சிவப்பு மண்டலம் என்கிறார்கள். அளவெடுக்க வெளியே போக முடியுமா? யாராவது போனீர்களா?


ஜாலஹள்ளி_அப்பா
2020 மே 7, காலை 6.15

சகோதரி, பிசியோ பற்றி எனக்குத் தெரியாது. என் மகனுக்கு ஆட்டிசம், 11 வயது. வெளியே போவது பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் பட்டவன்.

மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை மார்ச் 26-ம் தேதியே, அதாவது ஊரடங்கின் இரண்டாம் நாளே, வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகளைப் பராமரிப்பவர்கள் வந்துபோக விலக்கோ, எளிய முறையில் பாஸோ தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்தான் பொறுப்பு அதிகாரி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவும் ஆபத்துக் காலத்தில் நம் பிள்ளைகளுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது. ஆனால் தெருவில் நிற்கிற காவலருக்கு இது எதுவும் போய்ச் சேரவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் விடியற்காலை என் மகனை நடக்கக் கூட்டிப் போனேன். பாரிகேட் அருகே லத்தியைத் தரையில் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்தவன் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் நான் செய்தது: ஒரே பக்கத்தில் கன்னடத்தில் கடிதம். மகனுக்கு என்ன குறைபாடு, ஏன் வெளியே வர வேண்டும், எவ்வளவு நேரம், எந்தத் தெரு. கூடவே யூ.டி.ஐ.டி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), மார்ச் 26 வழிகாட்டுதலின் பிரிண்ட். மூன்றையும் நம் காவல் நிலையத்துக்கு நாமே முதலில் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும். அங்கே பொறுமையாகப் படித்துப் பார்த்தார்கள், அப்புறம் யாரும் மறிக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதாதீர்கள், கன்னடம்தான் வேலை செய்யும். எழுதத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

திங்கட்கிழமை மதுக்கடைகளைத் திறந்தார்கள். தெரு முனை வரை வரிசை நின்றது. பிள்ளைகளின் தெரபிக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. மனசு ஆறவே இல்லை.


எஜிபுரா_3வது_மாடி
2020 மே 7, பகல் 1.05

நிறுத்தலாமா என்று கேட்டதற்கு மட்டும் பதில். நான் நிறுத்தினேன். மகனுக்கு 12 வயது, நடக்க மாட்டான், சக்கர நாற்காலிதான். உங்கள் மாமியார் சொன்னதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏப்ரல் முழுக்க விட்டுவிட்டேன், அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். இப்போது தொடை இரண்டும் கத்தரி மாதிரி சேர்ந்துகொண்டு, டயப்பர் மாற்ற இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. உங்கள் பாப்பு நடக்கிற பிள்ளை, அவளுக்கு இப்படி ஆகாமல் இருக்கலாம். இருந்தாலும் முழுக்க விடாதீர்கள். குறைத்துக்கொள்ளுங்கள்.


ஜெயநகர்_பிசியோ
2020 மே 7, இரவு 9.30

அக்கா, நான் பிள்ளைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். பாப்புவை நேரில் பார்க்கவில்லை, அதனால் உங்கள் சென்டரில் ஒரு வீடியோ கால் கேட்டு இதையெல்லாம் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த இரண்டு மாதத்தில் பாதிப் பேர் போனில்தான் பிள்ளைகளைப் பார்க்கிறோம்.

முதலில் ஊசி. அதன் பலன் மூன்று மாதத்தில் குறைய ஆரம்பிப்பது உண்மை. ஆனால் அது கடைசி பஸ் இல்லை. தேவைப்பட்டால் மறுபடி போடுகிற ஊசிதான். இந்த மே மாதத்துக்குள் எல்லாவற்றையும் செய்து முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தோடு நீங்கள் பாயில் உட்காருகிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்த அவசரம் கையில் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். இறுக்கமுள்ள தசையை வேகமாக இழுத்தால் அது எதிர்த்து இன்னும் இறுகும். அழுதால் உடம்பு முழுக்க விறைக்கும். விறைத்த காலை இழுத்துப் பயன் இல்லை, வலி மட்டும்தான் மிச்சம்.

பிள்ளை வளரும்போது எலும்பு முன்னால் ஓடும், இறுகிய தசை பின்தங்கும். அதனால் மேலே எஜிபுரா அக்கா சொன்னது சரி, முழுக்க விடக் கூடாது. ஆனால் கையால் அரை நிமிடம் இழுப்பதைவிட, தசை நீண்ட நிலையில் பிள்ளை அரை மணி நேரம் நிற்பதுதான் அதிகம் உதவும். ராத்திரி வேளையை விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் அவளும் களைத்திருப்பாள், நீங்களும் களைத்திருப்பீர்கள். காலையில் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிய உடனே ஒரு தடவை போதும். உங்கள் ஒரு கை முழங்காலை மெல்ல நேராக வைத்திருக்கட்டும். இன்னொரு உள்ளங்கையில் குதிகாலை ஏந்திக்கொள்ளுங்கள், அவள் பாதம் உங்கள் முன்கையில் சாய்ந்திருக்கட்டும். குதிகாலைக் கீழ்நோக்கி இழுத்தபடி, உங்கள் உடம்பை மெதுவாக முன்னால் சாயுங்கள். விரல் பக்கத்தைப் பிடித்து மேலே தள்ளாதீர்கள். நிறையப் பெற்றோர் இதைத்தான் செய்கிறார்கள்; கெண்டைக்கால் நீளாது, பாதத்தின் நடுப்பகுதிதான் வளைந்துபோகும். அந்த நிலையில் சுமார் முப்பது நொடி. இரண்டு காலுக்கும் மூன்று மூன்று தடவை.

நிற்க வைக்க ஒரு வழி. பழைய செய்தித்தாள் கட்டை எடுத்து, காலில் மெல்லிய துண்டைச் சுற்றி, அதன் மேல் தொடையிலிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல் வரை தாளைச் சுருட்டித் துப்பட்டாவால் கட்டுங்கள். முழங்கால் மடங்காது. கட்டிலில் வயிறு சாய, குதிகால் தரையில் பட நிற்கட்டும். கட்டில் மேல் பரமபதம், கலர் பென்சில், எது பிடிக்குமோ அது. முதலில் பத்து நிமிடம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். விரல்களின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஏ.எஃப்.ஓ: கழற்றி இருபது முப்பது நிமிடத்தில் சிவப்பு மறைந்துவிட்டால் பிரச்சினை இல்லை. மறையவில்லை, குதிகாலும் உட்காரவில்லை என்றால் அது கால் சேராத அச்சு. போடாதீர்கள். தோல் புண்ணானால் புதியதையும் போட முடியாமல் போகும்.

அம்மாவாகவும் இருப்பது எப்படி என்பதற்கு என் படிப்பில் பதில் இல்லை அக்கா. நான் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறவள். அந்தக் கேள்விக்கு வேறு யாராவது வர வேண்டும்.


அல்சூர்_அம்மா
2020 மே 8, காலை 7.20

விரல் பக்கத்தைப் பிடித்துத்தான் இத்தனை நாளும் தள்ளிக்கொண்டிருந்தேன். இன்று மாற்றுகிறேன். ஏ.எஃப்.ஓ தடம் ஒரு மணி நேரமாகியும் போகவில்லை, எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று பேருக்கும் நன்றி. எஜிபுரா தோழி, உங்களுக்கு இன்பாக்ஸில் எழுதியிருக்கிறேன்.


மாரிக்குப்பம்_ரயில்
2020 மே 9, இரவு 12.50

தங்கச்சி, இந்த இழையை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான் அந்தப் பாயில் படுத்திருந்த பிள்ளை. எனக்கும் அதே டைப்லீஜியாதான். இப்போது 39 வயது, பெங்களூரில் கணக்கு வேலை, ஒரு கைத்தடியோடு நடக்கிறேன்.

ஊர் கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப். அப்பா சுரங்கத்தில் இருந்தார். லைன் வீடு, ஒரே அறை. அம்மா மாதம் ஒரு தடவை மாரிக்குப்பம் ரயிலில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு வருவார். அங்கே காட்டிக்கொடுத்ததை வீட்டில் தினம் செய்வார், நல்லெண்ணெய் தடவி. எங்களுக்கு ஊரடங்கு இல்லை, ஆனால் பிசியோ என்று ஒருவரும் ஊரில் இல்லை. எங்களுக்கு எல்லா வருடமும் உங்கள் ஏப்ரல் மாதிரிதான்.

வலி எப்படி இருந்தது என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அது மறந்துபோய்விட்டது. மறக்காதது அம்மா சொன்ன ஒரு வார்த்தை: "இன்னும் கொஞ்சம்." எப்போது கேட்டாலும் இன்னும் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் எங்கே முடியும் என்று தெரியாது. இன்றும் பல் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னால் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிக்கிறேன்.

மாற்றியது என் பெரியக்கா. அவளுக்கு அப்போது பதினாலு வயது இருக்கும். "அவனே எண்ணட்டும்மா. அவன் இருபது சொன்னதும் நீ கைய எடுத்துடு. எடுக்கணும்" என்று அம்மாவிடம் சத்தம் போட்டாள். முதல் நாள் நான் மூச்சு விடாமல் இருபதும் எண்ணிவிட்டேன். அம்மா கையை எடுத்துவிட்டார். ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். இரண்டாம் நாளும் எடுத்தார். ஒரு வாரத்தில் நான் ஒழுங்காக எண்ண ஆரம்பித்தேன். பயம் போனதும் அவசரமும் போய்விட்டது. தங்கச்சி, முக்கியமான விஷயம் இதுதான்: அவள் அவசரமாக எண்ணினாலும் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு தடவை எடுக்காமல் விட்டால் எண்ணிக்கைக்கு மதிப்பு கிடையாது.

இன்னொன்று. பயிற்சி செய்யும்போது அம்மா தோளில் ஒரு பச்சைத் துண்டு போட்டிருப்பார், எண்ணெய் துடைக்க. முடிந்ததும் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டை ஆணியில் மாட்டிவிட்டு வருவார். வேண்டுமென்று செய்தாரா தெரியாது. எனக்கு அந்த ஆணியில் துண்டு ஏறினால்தான் அம்மா வந்ததாக அர்த்தம். அதற்கு முன் அவர் தொட்டால் கையைத் தட்டிவிடுவேன். நீங்கள் ஸ்ட்ராப் கட்ட உட்கார்ந்த கையோடு அப்படியே தூக்கப் போயிருக்கிறீர்கள். அவளுக்கு அது இன்னும் பிசியோ அக்காவின் கை. எழுந்து போய்விட்டு, அம்மாவாகத் திரும்பி வாருங்கள். அவளே வழி சொல்லியிருக்கிறாள் பாருங்கள், "அம்மாவ வரச் சொல்லுங்க" என்று.

அந்தப் பயிற்சியால்தான் இன்று நடக்கிறேனா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. துண்டு என்னிடம் இருக்கிறது.


அல்சூர்_அம்மா
2020 ஜூன் 14, மாலை 5.10

ஒரு மாதம் கழித்து வருகிறேன். மாரிக்குப்பம் அண்ணா, நீங்கள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், மறுநாள் காலை அவரே வெந்நீர் போட்டு வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் துண்டுக்குப் பதில் வயலட் துப்பட்டா. பாப்புவே எடுத்துக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டால் நான் 'பிசியோ அக்கா', கன்னடத்தில்தான் எண்ண வேண்டும் என்று அவள் உத்தரவு. முதல் மூன்று நாள் அவளும் வேகமாகத்தான் எண்ணினாள், ஒந்து எரடு மூரு நால்கு என்று ஒரே மூச்சில். 'ஐது' வருவதற்குள் 'இப்பத்து' என்று முடித்த நாளும் உண்டு. கையை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது மனசு கிடந்து தவித்தது, ஊசி வீணாகிறதே என்று. நான்காம் நாள் நடுவில் நிறுத்தி, "நீங்க நெஜமாவே எடுத்துடுவீங்களா?" என்று கேட்டாள். எடுப்பேன் என்றேன். அதற்கப்புறம் கொஞ்சம் நிதானம் வந்தது. இன்னும் அழுகிற நாள் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டி புடவைக்குள் ஒளிவதில்லை.

கணவர் மாஸ்க் போட்டுக்கொண்டு முன்னறை வாசற்படியில் உட்கார்ந்து யானைக் கதை சொல்கிறார். பத்தடி தூரம். இது எங்களுக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். தினத்தந்தி கட்டோடு நிற்பது இப்போது 25 நிமிடம் வரை வந்துவிட்டது.

மே 19-க்கு அப்புறம் ஆட்டோ ஓட ஆரம்பித்தது. ஜாலஹள்ளி அண்ணன் எழுதிக் கொடுத்த கன்னடக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 8-ம் தேதி திங்கட்கிழமை போய் ஏ.எஃப்.ஓவுக்கு அளவு கொடுத்தோம். அச்சு எடுக்க மாவுக்கட்டு போட்டபோது, அந்தத் தம்பியிடம் "நான் இருபது எண்ணுவேன், அதுக்குள்ள முடிச்சிடணும்" என்று சொல்லிவிட்டாள். கணுக்கால் கொஞ்சம் இறுகித்தான் இருக்கிறது, பிப்ரவரியில் இருந்த அளவுக்கு இல்லை. ஊசி மறுபடி போடலாமா என்று ஜூலையில் பார்க்கலாம் என்கிறார்கள்.

துப்பட்டாவைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போகிறேன். திரும்பி வருவதற்குள் பாயிலிருந்து கூப்பிடுகிறாள், "அம்மா, சீக்கிரம் வா" என்று.

ஜெயநகர் பிசியோ தங்கை சொன்ன முப்பது நொடியைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அவள் நிதானமாக எண்ணினால் இருபதுக்குள் அது ஆகிவிடுகிறது. இருபத்தொன்றுக்குக் கன்னடத்தில் என்ன என்று அவளுக்குத் தெரியாது. நானும் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.